‘ரெண்டாயிரம் டைவ் அடிச்சவன் சொல்றேன்’ என்று தொடங்குகிறவரை எந்த அளவுக்கு நம்பலாம்?

அடையாறு ஆமை

வணக்கம். நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா டைவிங்கின் முதல் கோர்ஸ்) முடித்தேன். அதற்குப் பிறகு கர்நாடகாவின் நேத்ராணித் தீவிலும் புதுச்சேரியிலுமாக ஏழு முறை இறங்கியிருக்கிறேன், கோர்ஸில் அடித்த நாலோடு சேர்த்து லாக் புக்கில் மொத்தம் 11. அடுத்த மாதம் அந்தமானில் ஹேவ்லாக் போகிறேன் (சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிறது, நான் பேசிய டைவ் கடைக்காரர் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை).

நான் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பெயர் வேண்டாம். யார் என்ன கேட்டாலும் முதல் பதில் அவருடையதுதான், அதுவும் "ரெண்டாயிரம் டைவ் அடிச்சவன் சொல்றேன், கேளு" என்றுதான் தொடங்கும். முகப்புப் படத்தில் இடுப்புக்கு இரண்டு பக்கமும் டாங்க் கட்டிக்கொண்டு ஏதோ குகைக்குள் மிதக்கிறார். என் பயணத் திட்டத்தைக் குழுவில் போட்டேன். ஜானிஸ் கார்ஜ் (அங்கே ஒரு டைவ் இடம்) கட்டாயம் போ, முப்பது மீட்டர் வரும், உன் கார்டு பதினெட்டுக்குத்தான் என்றாலும் யாரும் நோண்டிப் பார்க்க மாட்டார்கள், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) வாங்கிக்கொண்டால் 40 மீட்டர் வரை பயமே இல்லை என்றார். கடைசி நாள் இரண்டாவது டைவ் முடிந்து நான் மேலே வர மதியம் ஒன்றரை ஆகிவிடும், மறுநாள் காலை ஏழு மணிக்குப் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு விமானம். அதற்கும் நைட்ராக்ஸ்தான் மருந்தாம், பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி இருந்தால் போதுமாம். இரண்டு வாரமாக எனக்கு மூக்கடைப்பு வேறு. அதற்கு, "தண்ணிக்குள்ள போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சளி மாத்திரை ஒண்ணு போட்டுக்க, காது தானா திறக்கும்."

"எப்படிண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சுற்றியிருந்த நாலு பேர் பாய்ந்துவிட்டார்கள். 11 டைவ் அடித்தவன் அண்ணனையே சோதிக்கிறானாம். இன்னொருவர் தனியாக மெசேஜ் போட்டு, மூன்றுமே தப்பு, செய்யாதீர்கள் என்றார். ஆனால் அவரிடம் இருப்பது 60 டைவ். அறுபதை நம்புவதா, இரண்டாயிரத்தை நம்புவதா?

யாருக்கு விஷயம் தெரியும் என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கே விஷயம் தெரியாது. தெரிந்தால் கேட்டிருக்கவே மாட்டேனே. இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.


தியோமான் திருக்கை

தம்பி, ஆள் எப்படி என்பதை அப்புறம் பார்க்கலாம், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யாதே.

நைட்ராக்ஸ் ஆழம் போவதற்கான காற்று இல்லை. வழக்கமாகக் கிடைப்பது 32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவை. ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.4ஐத் தாண்டக் கூடாது என்பது வகுப்பில் சொல்லித்தருகிற எல்லை. 1.4ஐ 0.32ஆல் வகுத்துப் பார், 4.375 வரும். தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்று மண்டலத்துக்காக ஒன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கினால் (தண்ணீரில் பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு அழுத்தம் கூடும்) 33.75 மீட்டர். அதைத் தாண்டிப் போனால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீருக்குள் வலிப்பு வரலாம், வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிடும், மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை. சாதாரணக் காற்றோடு 40க்குப் போகிறவனுக்கு நைட்ரஜன் போதை, காற்றுச் செலவு என்று வேறு தொல்லைகள் உண்டு, ஆனால் இந்தத் தொல்லை அந்த ஆழத்தில் இல்லை. ஆக நைட்ராக்ஸ் உன் ஆழ எல்லையை மேலே இழுக்கிறது, அதாவது குறைக்கிறது. நைட்ரஜன் குறைவாக ஏறுவதும், அதனால் கீழே கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்க முடிவதும்தான் அதன் லாபம். அதற்குரிய கோர்ஸ் முடிக்காதவனிடம் ஒழுங்கான கடைக்காரர் அந்த டாங்கைக் கொடுக்கவும் மாட்டார். முப்பது மீட்டர் வேண்டுமானால் அங்கேயே அட்வான்ஸ்டு கோர்ஸாகச் செய், இன்ஸ்ட்ரக்டரோடு இறங்கலாம்.

அடுத்து விமானம். உடம்பில் மிச்சமிருக்கிற நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகலாம், அதற்குத்தான் இடைவெளி. டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் (நாங்கள் சுருக்கமாக ‘டான்’ என்போம்) சொல்வது இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவோ அடுத்தடுத்த நாள்களில் டைவோ என்றால் குறைந்தது 18. நைட்ராக்ஸுக்கென்று அதில் தனிச் சலுகை இல்லை. உன் கணக்கு பதினேழரை மணி நேரம். அரை மணிதானே என்று நினைக்காதே, 18 என்பதே அடிமட்டம். என் மாணவர்களுக்கு நான் 24 என்றுதான் சொல்வேன்.

இனி உன் அண்ணன். இரண்டாயிரம் என்ற எண்ணை அப்படியே விழுங்காதே, எங்கே, எதற்காக, எப்போது என்று கேள். தினம் மூன்று முறை சுற்றுலாக்காரர்களைக் கையைப் பிடித்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் கூட்டிப்போய் வருகிறவருக்கு மூன்று வருடத்தில் இரண்டாயிரம் வந்துவிடும். அது மட்டமான வேலை இல்லை, பயந்துபோன ஆளின் கண்ணைப் பார்த்தே அடுத்த நொடி என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் முப்பத்தைந்து மீட்டரில் வாயுக் கலவை பற்றி அவருக்கு உன்னைவிட அதிகம் தெரியும் என்று அந்த எண் சொல்லவில்லை.

கார்டும் அப்படித்தான். ‘அட்வான்ஸ்டு’ என்றால் பெரிய ஆள் என்று நினைக்கிறோம். ஓப்பன் வாட்டரில் நாலு, அட்வான்ஸ்டில் ஐந்து, ஆக மொத்தம் ஒன்பதே டைவில் அந்தக் கார்டு வந்துவிடும். டைவிங் கார்டு கொடுக்கிற பாடி (PADI) நிறுவனத்தில் இன்ஸ்ட்ரக்டர் தேர்வு எழுத 100 டைவ் போதும். நானும் அப்படித்தான் ஆனேன், நூற்று நான்கில். இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அதனால் ‘நான் இன்ஸ்ட்ரக்டர்’ என்று ஒருவர் சொன்னால், மரியாதை கொடு, ஆனால் அவருடைய இன்ஸ்ட்ரக்டர் எண்ணையும் கேள். பாடி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அவர் இப்போது கற்பிக்கிற தகுதியில் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். எண் கேட்டதற்குக் கோபப்படும் இன்ஸ்ட்ரக்டரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை, குழுக்களில்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லை. ஒன்பது வருடமாகக் கற்பிக்கிறேன். குழுக்களில் என் பெயரைப் பார்த்துப் பெண் என்று தெரிந்ததும் மாஸ்கில் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது என்று எனக்கே பாடம் எடுத்தவர்கள் உண்டு. குரல் உயர்த்திப் பேசுகிறவர் நிபுணர், மெதுவாகப் பேசுகிறவர் கற்றுக்குட்டி என்று கூட்டம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. உனக்குத் தனியாக மெசேஜ் போட்ட அந்த அறுபது டைவ்காரர் ஏன் குழுவிலேயே சொல்லவில்லை என்று யோசி.


கடல்ராஜா 77

இது அண்ணன் மேல் இருக்கிற பொறாமை. அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன், யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நேத்ராணியில் நீரோட்டத்தில் நான் அடித்துக்கொண்டு போனபோது படகு என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணன்தான் பாய்ந்து வந்து என் பிசிடியை (மிதவை ஜாக்கெட்) பிடித்து இழுத்துக்கொண்டு கயிறு வரை கொண்டுவந்தார், அதுவும் என்னுடைய டாங்கில் 30 பார்தான் மிச்சம், பேசிப் பேசியே என் மூச்சைச் சீராக்கினார். அங்கே வகுத்தல் பெருக்கல் எதுவும் என்னைக் காப்பாற்றவில்லை. நாலு கட்டுரை படித்துவிட்டு நீச்சல்குளத்தில் முங்கி எழுந்தவர்கள் எல்லாம் நியாயம் பேச வேண்டாம்.


அடையாறு ஆமை

கடல்ராஜா சார், நான் அவரைக் கெட்டவர் என்று சொல்லவே இல்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டால் தண்ணீரில் அவர் பக்கத்தில் இருக்கத்தான் ஆசையாக இருக்கிறது. அதனால்தான் குழப்பமே கூடுகிறது.


சங்குக்காரர் மகன்

தூத்துக்குடி. அப்பா சங்கு குளித்தவர். நான் ஸ்கூபா கார்டு வாங்கியது வேலைக்குப் போன பிறகு, அதுவும் அவரிடம் சொல்லாமல். கடலுக்குப் போக ஒருவன் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவான் என்பதை அவரால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

அடையாறுக்காரர் கேட்பதற்கும் கடல்ராஜா சொல்வதற்கும் நடுவில் என் வீடு இருக்கிறது. அப்பா படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குவார். இடுப்பில் ஈயக்கட்டி, கையில் வலைப்பை. ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கினார், எவ்வளவு நேரம் கீழே இருந்தார் என்று யாரும் எழுதி வைத்ததில்லை. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டு) சங்கு கிடக்கும், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் திரும்புகிறது, நாளைக்குத் தண்ணீர் தெளியுமா கலங்குமா என்று கரையில் நின்று காற்றை மூக்கில் வாங்கியே சொல்லிவிடுவார். தப்பியதே இல்லை என்று சொல்ல மாட்டேன், நான் பார்த்தவரை வானிலை ஆப்பைவிட அவர்தான் மேல்.

அதே மனிதர், மேலே வந்த பிறகு தோளில் குடைச்சல் எடுத்தால் திரும்ப இறங்கிக் கொஞ்ச நேரம் கீழே இருந்தால் சரியாகிவிடும் என்பார். அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். கீழே போனால் குமிழி சுருங்கும், வலி அடங்கும், அதுவரை சரி. மேலே வரும்போது என்ன ஆகும்? இறங்கியவனுக்கு இன்னும் கொஞ்சம் நைட்ரஜன் ஏறியிருக்கும், அவ்வளவுதான். அப்பாவின் வலது தோள் இப்போது காதுக்கு மேல் உயராது. சட்டை போட அம்மா கை கொடுக்க வேண்டும். கேட்டால், "நாப்பது வருசம் குளிச்சேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று அந்தக் கையை ஆட்டிக்கொண்டே கேட்பார்.

அவரோடு குளித்துக் கால் வராமல் போன மாமா ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவர் எந்தக் குழுவிலும் வந்து ‘நாற்பது வருடம்’ என்று பேசுவதில்லை. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல முடிந்தவர்கள் மட்டும்தான் வந்து சொல்கிறார்கள், அதை மறந்துவிடக் கூடாது.

நீரோட்டம் பற்றி என்றால் நான் அப்பாவிடம் கேட்பேன், எந்த இன்ஸ்ட்ரக்டரிடமும் கேட்க மாட்டேன். எத்தனை மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம் என்று அவரிடம் கேட்க மாட்டேன். உங்கள் அண்ணனும் இப்படி ஒரு ஆளாக இருக்கலாம்.


பாடும் மீன்

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் எங்கள் கரைக்கு அப்பால் கிட்டத்தட்ட 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. உலகத்தில் எத்தனையோ ஆக்களுக்கு அதைப் பார்த்துவிட வேண்டும் என்று கனவு. இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு குழுவில் ஒருவர் அதைப் பற்றி நீளமாக எழுதினார். எழுத்து அழகு. இருட்டுக்குள்ளிருந்து பீரங்கி எழுந்து வருவது போல எல்லாம் இருந்தது. நூற்றுக்கணக்கில் பாராட்டு. அதன் பிறகு ஆக்கள் அவரிடம் ஆலோசனை கேட்கத் தொடங்கினார்கள், அவரும் கதைத்துக்கொண்டே போனார்.

நான் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். ஒன்று, டிசம்பர் விடுமுறையில் போனதாக எழுதியிருந்தார். டிசம்பரில் எங்களுக்கு மாரி. கடல் கொந்தளித்துக்கொண்டு கிடக்கும், மீன்பிடிப் படகே பயந்து பயந்துதான் போகும். இங்கே குளிக்கிற காலம் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, மேற்குக் கரைக்குத்தான் அது மறுவளமாக வரும். மற்றது, ஒரே டாங்கில் அடியில் நாற்பது நிமிடம் நின்று படம் எடுத்தாராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஆறு மடங்கு. பதறாமல் மூச்சு விடுகிற ஒருவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லீட்டர் என்று வைத்தால் அங்கே 120. பன்னிரண்டு லீட்டர் டாங்கில் 200 பார் அடித்தால் 2400 லீட்டர். இருபது நிமிடத்தில் துப்புரவாகக் காலி, மேலே வருவதற்கு ஒரு மூச்சுக்கூட மிச்சமில்லை. அதற்கு முன்னரே, உடம்பில் ஏறிய நைட்ரஜன் வெளியேறப் படிப்படியாக நின்று நின்று மேலே வர வேண்டிய கட்டாயம் வந்துவிடும், அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அண்ணா, எத்தனை டாங்க் கொண்டு போனீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் நாள் பதிவே இல்லை.

உங்களுக்கு 11 டைவ் போதும் தம்பி. இந்தக் கணக்குக்கு வேண்டியது எல்லாம் ஓப்பன் வாட்டர் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒருவர் சொல்வது சரியா என்று முழுக்கத் தெரியாவிட்டாலும், அவர் சொல்கிற இலக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். போகாத ஆள் இலக்கத்தில்தான் வழுக்குவார். டாங்கில் இருப்பது வெறும் காற்று என்று தெரியாமல் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று எழுதுகிற ஆளாக இருந்தால் இலக்கம் வரைக்கும் போகவே தேவையில்லை.


ஐந்து மீட்டர்

கணக்கு பொய்யனைப் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். உண்மையாகவே ஆழம் போனவர், நல்லவர், நேர்மையானவர், ஆனாலும் தவறாகச் சொல்கிறார் என்றால்? நான் அந்த வகை. சிங்கப்பூரில் இருக்கிறேன், டெக்னிக்கல் டைவிங் (சுற்றுலா எல்லையைத் தாண்டி ஆழம் போவது) செய்கிறேன், ஒரு காலத்தில் பல பேருக்கு உறுதியாகத் தவறு சொல்லியிருக்கிறேன்.

ஹவாயில் ரிச்சர்ட் பைல் என்று ஒரு மீன் ஆய்வாளர். ஆழத்தில் மீன் பிடித்து மேலே கொண்டுவருவார். மீனின் காற்றுப்பை வீங்கி வெடித்துவிடாமல் இருக்க, வழியில் ஆழத்திலேயே கொஞ்சம் நின்று ஊசியால் காற்றை வெளியேற்றுவார். மீன் கிடைத்த நாள்களில் தனக்குக் களைப்பு குறைவாக இருந்ததை அவர் கவனித்தார், எழுதினார். கூர்மையான கவனிப்பு. அதிலிருந்து, மேலே வரும்போது ஆழத்திலேயே முதல் நிறுத்தம் போடுவது நல்லது என்ற பழக்கம் டெக்னிக்கல் டைவர்கள் நடுவே பரவியது, டைவ் கம்ப்யூட்டர்களிலும் ஏறியது. நானும் 2008, 2009 வாக்கில் புதிதாக வருகிறவர்களிடம் ஆழ நிறுத்தம் போடாதவன் முட்டாள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். ஆதாரம் கேட்டால், நானே போட்டுப் பார்த்திருக்கிறேன், உடம்பு லேசாக இருக்கிறது என்பேன். அண்ணன் பாணிதான்.

2011இல் அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. 170 அடி ஆழம், 30 நிமிடம், பிறகு மேலே வர ஒரே அளவு மொத்த நேரம். ஒரு முறையில் நிறுத்தங்கள் ஆழத்தில் தொடங்கின, இன்னொன்றில் மேலே. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இருநூறு டைவ். மேல் நிறுத்த முறையில் மூன்று பேருக்கு அழுத்தக் குறைவு நோய் (உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டுவது) வந்தது, ஆழ நிறுத்தத்தில் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு குழுக்களில் நடந்ததுதான் எனக்குப் பாடம். சிலர் ஆய்வைப் படிக்காமலேயே திட்டினார்கள். சிலர், ‘அந்தச் சோதனை இன்ன ஆழத்துக்கு, சாதாரணக் காற்றுக்கு, என் டைவ்கள் வேறு மாதிரி’ என்று நியாயமான மறுப்பு எழுதினார்கள், அவர்களோடு வருடக்கணக்கில் வாதம் ஓடியது. சிலர் மட்டும், ‘இதுவரை நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்’ என்று எழுதினார்கள். அன்று முதல் யாரையாவது எடைபோட வேண்டுமானால் அவருடைய பழைய பதிவுகளைத் தோண்டுவேன், எங்கேயாவது ‘அப்போது தப்பாகச் சொன்னேன்’ என்று இருக்கிறதா என்று. பத்து வருடம் எழுதி ஒரு தடவைகூட அந்த வாக்கியம் வராத ஆளிடம் நான் டாங்க் விலை மட்டும்தான் கேட்பேன். (நானே மாற்றிக்கொண்டு எழுத இரண்டு வருடம் ஆனது. எழுதிய அன்று மனைவியிடம் காட்டினேன், இதற்கா இவ்வளவு நேரம் என்றாள்.)

இது ஓப்பன் வாட்டரில் கற்றுத்தருகிற ஐந்து மீட்டர், மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப் பற்றியது இல்லை. அதை யாரும் விட்டுவிடாதீர்கள். ஆரம்பக்காரர்கள் படிக்கிற இடத்தில் இதைச் சொல்லாமல் போவது தப்பு.

அடையாறு தம்பி, அண்ணனிடம் ‘ஏன்’ என்று கேட்டீர்கள், அது சவால் மாதிரி ஒலித்திருக்கும். ‘அண்ணே, நீங்க சொல்றது எந்த நிலைமைல பொருந்தாது?’ என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் குழுவில் வேண்டாம், தனியாக. கூட்டத்துக்கு நடுவே யாரும் இறங்கி வர மாட்டார்கள். விஷயம் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், அரை மணி நேரம் பேசுவார்.


எலும்பு டாக்டர்

மாத்திரை விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் வந்தேன். முதலில் ஒரு எச்சரிக்கை: நான் டாக்டர், டைவர், ஆனால் எலும்பு டாக்டர். காது மூக்கு என் துறை இல்லை, அழுத்த மருத்துவமும் இல்லை. எந்த டைவருக்கும் தெரிய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மாத்திரை போட்டுக் கீழே போவது சுலபம். அதன் வேகம் கீழே இருக்கும்போது அடங்கி, மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டால் மேலே வரும்போது உள்ளே விரிகிற காற்றுக்கு வழி இருக்காது. இறங்கும்போது காது அடைத்தால் திரும்பி மேலே வந்துவிடலாம், ஏறும்போது அடைத்தால் கீழேயே தங்க முடியாதே. மேற்கொண்டு உங்கள் காது மூக்கு டாக்டரிடம் போங்கள், டைவிங் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘நீச்சல்’ என்று சொல்லி மருந்து வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் பெயருக்கு முன்னால் இருக்கிற ‘டாக்டர்’ என்ற சொல்லாலும் ஏமாற வேண்டாம். அமெரிக்காவில் கை கார்மன் என்று ஒரு மருத்துவர், ‘டாக் டீப்’ என்று அழைக்கப்பட்டவர். டைவிங் தொடங்கிச் சில வருடங்களிலேயே உலகச் சாதனைக்குக் கிளம்பி, 2015 ஆகஸ்டில் செயின்ட் குரோய் தீவில் 1200 அடி இறங்கப்போய்த் திரும்பி வரவில்லை. படித்தவர், தயாரிப்போடு போனவர், சுற்றி ஆதரவாளர்களும் இருந்தார்கள். அந்த ஆழத்தில் ஸ்கூபாவோடு உயிரோடு திரும்பிய ஆள் யாரும் இல்லாதபோது யாரிடம் போய் ஆலோசனை கேட்பது? நிபுணர் என்று ஒருவருமே இல்லாத இடங்களும் இருக்கின்றன.


கடல்ராஜா 77

சங்குக்காரர் மகன் எழுதியதைப் படித்தேன். நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன், நீச்சல்குளம் என்று சொன்னதை விட்டுவிடுங்கள். அண்ணன் என்னைக் காப்பாற்றியது உண்மை, அதை மாற்ற மாட்டேன். பிறகு யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது: அன்று அந்த நீரோட்டத்தில் இறங்கலாமா என்று படகுக்காரர் தயங்கியபோது தைரியம் சொன்னதும் அவர்தான்.


அடையாறு ஆமை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன். ஐந்து மீட்டர் சொன்ன மாதிரியே கேட்டேன். நாற்பது நிமிடம் பேசினார், அருமையாகப் பேசினார், உண்மையைச் சொன்னால் எனக்கு அவரை முன்பைவிடப் பிடித்துவிட்டது.

40 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. அவர் நைட்ராக்ஸ் கோர்ஸ் முடித்துப் பல வருடம் ஆகிறது. அட்டவணையில் 1.4க்கு ஒரு வரி, 1.6க்கு ஒரு வரி இருந்ததாம், இரண்டாவது வரியில் இருந்த 40 மனதில் நின்றுவிட்டது. நானும் வகுத்துப் பார்த்தேன், 1.6ஐ 0.32ஆல் வகுத்தால் சரியாக 5, கழித்துப் பெருக்கினால் 40. அதாவது எண் கற்பனை இல்லை, அவசரத்துக்கு என்று வைத்த எல்லையை அவர் வழக்கமான எல்லையாக்கிவிட்டார். "அட, ஆமாம்பா" என்று சிரித்தார். விமானத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் குரல் மாறியது. "நான் எப்பவும் அப்படித்தான் வருவேன். ஒண்ணும் ஆனதில்ல." சங்குக்காரர் மகன் எழுதியதைப் படித்திருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியவில்லை. கார்டு விஷயத்தை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிவிட்டேன். முப்பது மீட்டர் டைவை அட்வான்ஸ்டு கோர்ஸோடு சேர்த்துக்கொண்டேன், நைட்ராக்ஸ் இந்தத் தடவை இல்லை.

இதில் ஒன்று உறுத்துகிறது. போனில் ஒத்துக்கொண்டார், சரி. குழுவில் அவர் போட்ட ‘நைட்ராக்ஸ்ல 40 வரை பயமில்ல’ என்ற மெசேஜ் அப்படியே இருக்கிறது, கீழே 23 கட்டைவிரல்.


தியோமான் திருக்கை

நீயே போடு. அவர் பெயரை இழுக்காதே, கணக்கை மட்டும் போடு.


அடையாறு ஆமை

போட்டுவிட்டேன். இதுவரை இரண்டு கட்டைவிரல். ஒன்று அந்த அறுபது டைவ்காரர், இன்னொன்று கடல்ராஜா சார்.


தியோமான் திருக்கை

சரி, மூக்கு எப்படி இருக்கிறது?


அடையாறு ஆமை

வலது பக்கம் திறந்துவிட்டது அக்கா. இடது பக்கம் இன்னும் இல்லை. காது மூக்கு டாக்டரிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.


தியோமான் திருக்கை

அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அங்கே போய் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிற்காதே. எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்க்கல் போட்டு மேலேயே மித, பவளம் அங்கேயும் தெரியும். இளநீரும் கிடைக்கும்.